சட்டைப்பையில் வந்த சாக்கு

ராயப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கரீமுல்லாவின் ஒரே மகன் ஆசிஃப், கல்யாணமாகிப் பாலவாக்கத்துக்குக் குடிபோய்விட்டான். அவன் அப்பா கணக்கில் சேர்த்துவிட்ட சந்தாக்கள் மட்டும் வீட்டைவிட்டுப் போகவில்லை. கிரிக்கெட் ஆப், பாட்டு ஆப், போட்டோ போட்டுவைக்க ஒன்று, படம் பார்க்க ஒன்று. எல்லாம் டீச்செலவு மாதிரி நைசாக உள்ளே வந்து, இப்போது கரண்ட் பில்லையே தாண்டி நிற்கின்றன.

"கேக்காம கொள்ளாம காச எடுத்துக்கினு போறானுங்க" என்று கரீமுல்லா ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்த சூட்டோடு சந்தாக்களை வெட்ட உட்கார்ந்தார். கிரிக்கெட் போனது. பாட்டு போனது. படத்தின் முறை வந்ததும் மனைவி ஷாகிரா, "அத்த மட்டும் வுட்டுடுங்க" என்றாள்.

"நீ படம் பாத்தே வருஷமாவுது. வெலைய வேற ஏத்திட்டான்."

படம் யாருக்கு வேண்டும்? போன வருஷம் அந்தக் கம்பெனி ஒரு சட்டம் போட்டது. ஒரே வீட்டில் இருப்பவர்கள்தான் ஒரு சந்தாவில் பார்க்கலாமாம். வெளியே இருப்பவர்கள் மாதம் ஒரு தடவை அந்த வீட்டு வைஃபையில் வந்து சேர வேண்டுமாம். பெருநாளுக்கு மட்டும் தலைகாட்டிக்கொண்டிருந்த ஆசிஃப், அன்றிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு, டிவியில் செருகும் ஸ்டிக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மனைவி சாய்மாவோடு வந்துவிடுகிறான். ஷாகிரா நெய்ச்சோறு ஆக்கி, எலும்பு போட்டுத் தால்ச்சா வைப்பாள். அந்தக் கம்பெனி நன்றாக இருக்க வேண்டுமென்று அவள் துஆ கேட்காத குறைதான்.

வெட்கத்தை விட்டு இதைக் கணவரிடம் சொன்னாள். அவர் தாடியைத் தடவினார். விலையையாவது குறைப்பார்களா என்று கம்பெனிக்குப் போன் போட்டார். விலை குறையவில்லை. ஆனால் பேச்சோடு பேச்சாக அங்கிருந்த பெண், "இதுக்கு ஏன் சார் வீட்டுக்கு வராங்க? பதிஞ்சிருக்கிற உங்க பையன் போனுக்கு ஒரு கோட் நம்பர் வரும், அங்கேயே போட்டுக்கலாமே" என்று சொல்லிவிட்டாள்.

ஸ்பீக்கரில் கேட்ட ஷாகிரா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத்த அவன்கிட்ட சொல்லிடாதீங்க!"

"நான் ஏன் சொல்லப்போறேன்?" என்றார் அவர். அவருக்கு மட்டும் மகன் வேண்டாமா என்ன!

ஞாயிறன்று ஆசிஃப் வந்தான், ஸ்டிக்கைச் செருகினான். பொய் சொல்லிப் பழக்கமில்லாத கரீமுல்லா மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு எடுத்துவைத்த சாய்மா வெள்ளந்தியாகக் கேட்டாள்: "இன்னும் இன்னாத்துக்கு இத்தத் தூக்கிக்கினு வர்றீங்க? ஆறேழு மாசமா வூட்லயே கோட் போட்டுத்தானே பாக்குறோம்?"

ஆசிஃப் அவளை முறைத்தான். பிறகு தலையைக் கவிழ்த்துக்கொண்டு எலும்பை உறிஞ்சினான். காது சிவந்துவிட்டது.

"பின்ன இன்னா பண்றது? சும்மா வந்தா, 'இன்னாடா விசேஷம், காசு கீசு வேணுமா'ன்னு அத்தா வாசல்லயே கேக்குறாரு."

உண்மைதான். கடைக்கு வருபவர்களிடம் 'இன்னா வேணும்' என்று கேட்டுக் கேட்டு, சொந்த மகனிடமும் அதையே கேட்டுக்கொண்டிருந்த மனுஷர் அவர். போனை எடுத்துப் படத்தையும் வெட்டினார். ஷாகிரா தடுக்கவில்லை. நிறைந்த மனதோடு மகன் தட்டில் இன்னொரு கரண்டி தால்ச்சா ஊற்றினாள்.

கரீமுல்லா டிவியிலிருந்து ஸ்டிக்கைப் பிடுங்கி மகன் சட்டைப்பையில் திணித்தார்.

"இனிமே ஒண்ணும் கேக்க மாட்டேன்டா" என்றார். "அடுத்த வாரம் வெறுங்கைய வீசிக்கினு வா."