மாமியின் போனில் வராத விளம்பரம்

மாமியின் மூத்த மகளைக் கட்டி இந்த வளவுக்கு நான் குடிவந்து நெடுங்காலமாகிறது. மாமி இதே வளவில் பக்கத்து வீட்டில் இளைய மகளோடு இருக்கிறார். மருமகனோடு முகம் பார்த்துக் கதைக்கிற வழக்கம் அவரிடம் இல்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று, மகளிடம் சொல்வதுபோல எனக்குச் சொல்வார்.

அந்தக் கூச்சத்தை உடைத்தது விளம்பரம்தான். மாமி ஓதுவதற்குக் குர்ஆன் ஆப்பைத் திறந்தால், அரைகுறை உடுப்போடு ஒரு பெண் வந்து சூதாடக் கூப்பிடுவாள். மாமி பதறிப்போய், இரண்டு வீட்டுக்கும் நடுச் சுவரிலுள்ள சின்னக் கேட்டைத் திறந்துகொண்டு ஓடி வருவார்.

"மகன், இந்தச் சனியன ஒருக்கா மூடி உடுங்க."

மூலையிலுள்ள பெருக்கல் குறி அவர் கண்ணுக்குத் தெரியாது. நான் தட்டிவிடுவேன். முதலில் போனை வாங்கியதும் போய்விடுவார். போகப்போக நின்று கதைக்கத் தொடங்கினார். என் உம்மா மௌத்தான பிறகு என்னை மகன் என்று கூப்பிட இருந்தவர் அவர் ஒருவர்தான்.

பிறகு இளைய மகளுக்குக் கல்யாணமானது. புது மாப்பிள்ளைக்குக் கம்பியூட்டர் வேலை. இரண்டு வீட்டுக்கும் இணையம் என் வீட்டு ரூட்டரிலிருந்துதான் போகிறது. ஒருநாள் உள்ளங்கையளவு பெட்டி ஒன்றோடு வந்து, என்னை அண்ணன் முறையில் கூப்பிட்டுச் சொன்னார்.

"காக்கா, இத ரூட்டர்ல கொளுவினாச் சரி. விளம்பரம் வாற வழிய இது மறிச்சிரும். இனி இந்த வளவுக்குள்ள ஒரு போன்லயும் வராது."

வரவில்லை. மாமியும் வரவில்லை.

"வந்து ஒரு மாசம் ஆகல்ல, எங்கட ஈமானக் காப்பாத்திட்டாரு" என்று மாமி வருகிற போகிற எல்லோரிடமும் சொன்னார். இத்தனை காலம் அந்தப் பெண்ணை விரட்டி விரட்டி அடித்தவன் நான். என்னை யாருக்கும் ஞாபகமில்லை. பொறாமை என்றால் பொறாமைதான். போதாததற்கு அந்தப் பெட்டிக்குக் கரண்ட் கொடுப்பதும் என் வீடு.

"போன் வெளுத்திட்டு, ஒங்கட மொகந்தான் கறுத்திட்டு" என்று மனைவி சிரித்தாள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தேன். கரண்ட் போனது. ரூட்டரோடு பெட்டியும் அணைந்தது. மாமியின் போன் டேட்டாவுக்கு மாறியிருக்க வேண்டும். சற்று நேரத்தில் கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

இடுப்புச் சாரனைச் சரிசெய்துகொண்டு பாய்ந்து எழுந்தேன். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனை நீட்டினார். அதே பெண். அவளைக் கண்டு இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. அவசரப்படாமல், ஆறுதலாக மூடிக் கொடுத்தேன்.

"இருங்களன் மாமி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

"வேணாம் மகன். புது மாப்பிள்ள அசந்து தூங்குறாரு, எழுப்ப மனசு வரல்ல. அதான் இங்கால வந்த." கேட்டடியில் நின்று போனை இன்னொரு தடவை பார்த்தார். "அவரு எழும்பினாப் பொறகு, நீங்க மூடினது சரிதானா எண்டு ஒருக்காக் காட்டிப் பாக்கன்."