ஓராண்டு வரம்

எதையாவது பங்கு போட வேண்டும் என்றால் வில்சனைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாண வீட்டில் கறி வாளியை அவன் கையில் கொடுத்தால் கடைசிப் பந்தியின் கடைசி இலைக்கும் முதல் இலைக்கு விழுந்த அளவு விழும். "நீ ஜட்ஜா போயிருக்கணும்டா" என்பார் அவன் அப்பா தாமஸ். அவன் போனது ஒரகடத்தில் கார்களுக்கு பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் ஒரு ஆலைக்கு. டிப்ளமோ முடித்த கையோடு ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தான். தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் ஒப்பந்தத் தொழிலாளிதான். வருஷம் நிறைவதற்குக் கொஞ்சம் முன்னால் சில நாள் வேலையை நிறுத்தி, புது ஆளைச் சேர்ப்பதுபோல் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். அதுவரை உழைத்தது கணக்கில் வராது. அதற்கு அங்கே 'பிரேக்' என்று பெயர்.

அந்த ஆலைக்குச் சென்னையிலிருந்து பயிற்சிக்கு வந்த பொறியாளர் வசந்தகுமார்தான் அவனுக்கு அந்த விளையாட்டைக் காட்டினார். ஒரு மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, நான் இதைச் செய்கிறேன், அங்கே போகிறேன் என்று சொல்ல வேண்டும். நினைத்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். வசந்தகுமார் ஆறு மாதத்தில் வேறு வேலை கிடைத்துச் சென்னைக்கே போய்விட்டார். ஆனால் அங்கே நண்பர்களோடு சேர்ந்து 'உப்புமலை நாடு' என்று ஒரு பெரிய தொடராட்டத்தை ஆரம்பித்தார். சென்னை, வேலூர், கோவை என்று பல ஊர்களில் மேசைகள். எல்லாவற்றிலும் ஒரே நாடு, ஒரே விதி. வேலூரில் விளையாடியவன் தன் பாத்திரத்தோடு சென்னைக்கு வந்து எந்த மேசையிலும் உட்காரலாம்.

வில்சன் தன் ஊரான சேரப்பணஞ்சேரியில் ஒரு மேசை போட்டான். சர்ச்சுக்குப் பின்னால் இருந்த ஞாயிறு பள்ளி அறையைப் பாஸ்டரிடம் கேட்டு வாங்கினான். காலை ஆராதனை முடிந்து, குழந்தைகள் போன பிறகு, மத்தியானம் அந்த அறை சும்மாதான் கிடக்கும். சுவரில் நோவாவின் பேழைப் படம், குட்டை பெஞ்சுகள், கரகரவென்று சுற்றும் ஒரு ஃபேன். அங்கே முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து உப்புமலையில் ஏறினார்கள்.

கதையை வில்சன் நடத்தினான். அந்த மேசைக்குத் தவறாமல் வந்தவர்கள் மூன்று பேர். மண்ணூர் அண்ணாதுரை, சொந்தமாக இரண்டு வேன் ஓட்டுபவன். அவன் நேரம் அவன் கையில். சந்திரலேகா, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் தயாரிக்கும் ஆலையில் வேலை; தென்காசிப் பெண், லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தாள். சுடலைக்கண்ணு, வில்சனின் ஆலையிலேயே மெஷினில் நிற்பவன். கோவில்பட்டிக்குத் தெற்கே ஏதோ ஊர், ஏழு பேரோடு ஒரு அறையில் வாசம். அவன் தன் பாத்திரத்துக்குக் குலசாமி பெயரை வைத்தான்: பேய்ச்சி. கையில் ஈட்டி, காலில் தண்டை, வாயில் வெற்றிலை. சர்ச் அறையில் "பேய்ச்சி இப்ப குத்துதா" என்று அவன் குரல் கேட்கும்போதெல்லாம் வில்சன் வாசலைப் பார்த்துக்கொள்வான். பாஸ்டர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "யாருப்பா அந்த அம்மா?" என்று மட்டும் கேட்டார்.

தகராறு வரங்களால் வந்தது.

வரம் என்பது ஆட்டத்துக்கு வெளியே செய்ததற்காக ஆட்டத்துக்குள் கிடைக்கும் பரிசு. சென்னையில் வருஷா வருஷம் நடக்கும் பெருங்கூட்டத்துக்குப் போனால் ஒரு வரம். புது ஆளைக் கூட்டி வந்தால் ஒன்று. கூட்டத்தில் நாற்காலி தூக்கி வேலை செய்தால் ஒன்று. அதுவும் இல்லாவிட்டால் யார் வந்து நாற்காலி தூக்குவார்கள்? நடத்துபவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் வரம் எப்போதும் நேரம் இருப்பவனைத் தேடித்தான் போனது. அண்ணாதுரை எல்லாக் கூட்டத்துக்கும் போனான். அவனுக்கு முதல் அடி வரம், இரட்டை அடி வரம், பொறியை மோப்பம் பிடிக்கும் நாய், விஷம் ஏறாத உடம்பு எல்லாம் இருந்தது. சண்டை என்று வந்தால் அவன் பகடையை உருட்டி முடிக்கும்போது எதிரி விழுந்திருப்பான்.

"அண்ணே, எனக்கு முறை வரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருது" என்றாள் சந்திரலேகா ஒருநாள். குரலில் கோபம் இல்லை. "ஆறு நாளும் லைன்ல நின்னுட்டு, ஏழாவது நாள் இங்கன வந்து அவரு சண்டை போடுததப் பாத்துட்டுப் போறேன்."

அண்ணாதுரைக்கு உண்மையாகவே சங்கடமாகிவிட்டது. "நான் இன்னா பண்றது, குடுத்தாங்கோ, வாங்கிக்கினேன்" என்றான்.

சுடலைக்கண்ணுவிடம் ஒரே ஒரு வரம் இருந்தது. அதற்கு முந்தைய பெருங்கூட்டத்தில் இரண்டு நாள் மேசை சுமந்து, வந்தவர்களுக்குத் தண்ணீர் கேன் தூக்கி வாங்கியது. அந்த வாரம் வேலைக்கு வரவில்லை என்று சூப்பர்வைசர் அவனை ஒரு மாதம் நைட் ஷிஃப்டிலேயே போட்டு வாட்டினார். வரத்தின் பெயர் மறு உயிர். பாத்திரம் செத்தால் ஒரு தடவை எழுப்பிக்கொள்ளலாம். அதற்கான அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஐடி கார்டுக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தான்.

சந்திரலேகா சொன்னதை வில்சன் வசந்தகுமாருக்கு எழுதினான். உடனே பதில் வந்தது. "எல்லா ஊர்லயும் இதே பிரச்சினைதான் வில்சன். விதிக்குழுவுல நீங்களும் வாங்க. நீங்களே ஒரு டிராஃப்ட் போட்டுக் குடுங்க."

அவனை யாரும் அதுவரை எதற்கும் யோசனை கேட்டதில்லை. ஆலையில் யோசனைப் பெட்டி ஒன்று உண்டு. அதன் சாவி தொலைந்து போய் வெகுகாலம். வில்சன் அந்த வேலையை விரதம்போல எடுத்துக்கொண்டான். பஸ்ஸில், கேண்டீனில், மெஷின் சூடாகக் காத்திருக்கும் நேரத்தில் அதே நினைப்பு. வரம் ஒருவனைப் பலசாலி ஆக்கக் கூடாது, அவன் கதையை அகலமாக்க வேண்டும் என்று நினைத்தான். இரட்டை அடி கொடுப்பதற்குப் பதில் ஒரு படகு கொடு, ஒரு ஊரில் அவனுக்கு வேண்டியவர்கள் இருப்பதாக வை. ஒரு ஆட்டத்துக்கு ஒரு வரம்தான் எடுத்து வரலாம் என்று அடுத்த விதி. ஷிஃப்டால் வர முடியாதவர்கள் பின்தங்காமலிருக்கவும் ஒன்று எழுதினான். கடைசியில், குவித்து வைப்பதைத் தடுக்க இன்னொன்று சேர்த்தான்: எந்த வரமும் வாங்கிய நாளிலிருந்து ஓராண்டுதான் செல்லும். வேண்டுமானால் அடுத்த கூட்டத்தில் புதுப்பித்துக்கொள்ளலாம். அதை எழுதும்போது அவன் கண்முன் இருந்தது அண்ணாதுரை மட்டும்தான்.

"இன்னாங்க, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி" என்றாள் அவன் மனைவி ஷாலின்.

"பரீட்சைதான்."

குழு சனிக்கிழமை மாலைகளில் வீடியோவில் கூடும். வில்சனுக்கு அது செகண்ட் ஷிஃப்ட் நேரம். கேண்டீனுக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றுகொண்டு போனைக் காதில் வைத்துக் கேட்டான். பாதி கேட்டது, பாதி தண்ணீர்ச் சத்தத்தில் போனது. முடிவு பிறகு வந்தது. படகு, ஊர், சொந்தம் எல்லாம் எல்லா மேசைக்கும் நடைமுறைப்படுத்தக் கஷ்டம் என்று விட்டுவிட்டார்கள். ஷிஃப்ட் என்று யார் வேண்டுமானாலும் சொல்லி ஏமாற்றலாம் என்று அந்த விதியை எடுத்துவிட்டார்கள். ஒரு ஆட்டத்துக்கு ஒரு வரம் என்பதையும் ஓராண்டுக் கெடுவையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 'தெளிவான, எல்லோருக்கும் பொதுவான விதி' என்று பாராட்டி அவன் பெயரையும் போட்டிருந்தார்கள். எடுத்துவிட்டதை நினைத்து வருந்துவதா, எடுத்துக்கொண்டதை நினைத்துச் சந்தோஷப்படுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. சந்தோஷப்பட்டான்.

அந்த வருஷப் பெருங்கூட்டத்துக்குச் சுடலைக்கண்ணுவுக்கு லீவு கிடைக்கவில்லை. வில்சனுக்கும் கிடைக்கவில்லை. அண்ணாதுரை போய்வந்தான், வரங்களைப் புதுப்பித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஆட்டத்தில் அவர்கள் ஒரு பள்ளத்தாக்கின் மேல் தொங்குபாலத்தில் இருந்தார்கள். பின்னால் உப்பரசனின் படை துரத்தி வந்தது. புது விதியால் அண்ணாதுரை நாயை மட்டும்தான் எடுத்து வந்திருந்தான். இரட்டை அடி வீட்டில். முதல் முறையாக எல்லோருக்கும் சண்டையில் வேலை இருந்தது. சந்திரலேகா எழுந்து நின்றுகொண்டு பகடை உருட்டினாள். வில்சனுக்குக் கதை வாயில் தானாக வந்துகொண்டிருந்தது. இதற்குத்தானே எழுதினோம் என்று ஒரு நிறைவு.

பாலம் ஒரு பக்கம் அறுந்தது. யாராவது நின்று மறித்தால்தான் மற்றவர்கள் தப்பலாம்.

"நீங்க அங்கிட்டுப் போயிருங்க" என்றான் சுடலைக்கண்ணு. "பேய்ச்சி நிக்கட்டும். எனக்குத்தான் மறு உயிர் இருக்குல்லா."

அந்த நேரத்தில் வில்சன் அதைக் காதில் வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. ஈட்டியோடு பாலத்தின் நடுவில் ஒரு பெண் நிற்பதைச் சொல்வதில் இருந்தான். பேய்ச்சி நின்றாள். அடித்தாள். சந்திரலேகாவும் அண்ணாதுரையும் அக்கரை ஏறினார்கள். பிறகு பகடை விழுந்தது, மறுபடி விழுந்தது, பேய்ச்சி பாலத்தோடு பள்ளத்தில் போனாள்.

சுடலைக்கண்ணு சிரித்துக்கொண்டே ஐடி கார்டின் பின்னாலிருந்து அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தான்.

வில்சன் அட்டையில் போட்டிருந்த தேதியைப் பார்த்தான். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மற்ற இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

"போன மாசத்தோட முடிஞ்சிடுச்சிப்பா" என்றான் வில்சன்.

"என்னது முடிஞ்சிட்டு?"

"வரம். ஒரு வருஷம்தான். புது ரூல்ஸ் அனுப்பிச்சிருந்தனே."

"அது அண்ணாதுரையண்ணனுக்குன்னுல்லா நெனச்சேன்" என்றான் சுடலைக்கண்ணு.

அண்ணாதுரை அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "உடு வில்சா. நாலு செவுத்துக்குள்ள நடக்குது. எவன் வந்து பார்க்கப் போறான்? எழுப்பி உட்டுடு."

எழுப்பிவிடலாம்தான். ஆனால் ஆட்டம் முடிந்ததும் நடந்ததைக் குழுவுக்கு எழுத வேண்டும். எழுதுவதும் அவன், விதி போட்டதும் அவன். மற்ற ஊர்களில் இதே விதியால் எத்தனை பேர் செத்திருப்பார்கள், அவர்களுக்கு எந்த வில்சன் இருந்தான் என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. பங்கு போடுகிறவன் தன் பிள்ளையின் இலையில் இரண்டு துண்டு கூடப் போட்டால் அப்புறம் வாளியைத் தொடக் கூடாது. இதெல்லாம் சரிதான் என்றும் தோன்றியது, மடத்தனம் என்றும் தோன்றியது.

சந்திரலேகாதான் பேசினாள். "கம்பெனியிலயும் இப்படித்தானண்ணே பண்ணுதாங்க. வருசம் முடிஞ்சா முன்னால செஞ்சதெல்லாம் இல்லன்னு ஆயிரும். நீங்க இத அங்கேருந்துதான் எடுத்தீங்களா?"

குத்திக் காட்டவில்லை அவள், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எங்கிருந்து எடுத்தோம் என்று வில்சன் யோசித்ததே இல்லை. ஒரு எல்லை வேண்டும் என்று தேடியபோது ஓராண்டு என்பது தானாக, மிகவும் இயல்பாக, கைக்கு வந்திருந்தது.

"வேண்டாம்ணே" என்றான் சுடலைக்கண்ணு. "எல்லாருக்கும் ஒண்ணுன்னா எனக்கும் அதுதான். எழுதிருங்க, பேய்ச்சி செத்துட்டான்னு." அட்டையைத் திருப்பி உறையில் போட்டான். ஏன் போட்டான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

அன்றே வில்சன் குழுவுக்கு எழுதினான். கூட்டத்துக்கு வரவே முடியாதவர்களின் வரம்தான் சாகிறது, வருகிறவர்களின் வரம் சாவதில்லை, நாம் நினைத்ததற்குத் தலைகீழாக நடக்கிறது என்று நீளமாக எழுதினான். வசந்தகுமார் போனில் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், பொறுமையாகத்தான் பேசினார்.

"புரியுது வில்சன். ஆனா எல்லா டேபிளையும் சேர்த்துப் பார்த்தா பேலன்ஸ் நல்லா வந்திருக்கு. ஒருத்தருக்காக நடுவுல மாத்தினா மத்தவங்க கேப்பாங்க. அடுத்த சீசன்ல பேசலாம். அவரைப் புதுசா ஒரு பாத்திரம் ஆரம்பிக்கச் சொல்லுங்க."

"சரி சார்" என்றான் வில்சன். அவர் சொன்ன எல்லாமே அவன் டிராஃப்டில் எழுதியிருந்த வாக்கியங்கள்தான்.

அடுத்த இரண்டு ஞாயிறு சுடலைக்கண்ணு வரவில்லை. மூன்றாவதற்குள் ஆலையில் அவனுக்கு பிரேக் வந்தது. இந்தத் தடவை திரும்பக் கூப்பிடவில்லை. அந்த மெஷினுக்கு ஒரு இயந்திரக் கை வந்துவிட்டது. அவன் அறையைக் காலி செய்துகொண்டு போனதே வில்சனுக்குப் பிறகுதான் தெரிந்தது. போன் போட்டான்.

"திருப்பூர்ல இருக்கேன்ணே. அக்கா மாப்ள கம்பெனில சேத்துவிட்டாரு."

"கோயமுத்தூர்ல நம்ம டேபிள் ஒண்ணு கீதுப்பா. கிட்டதான். நான் சொல்லி வைக்கிறேன், புதுப் பாத்திரத்துக்கு ஷீட் போட்டுக்கலாம்."

அவன் பக்கம் தையல் மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன.

"மொதல்லேருந்தா?" என்றான் சுடலைக்கண்ணு. "பாப்பம்ணே." யாரோ கூப்பிட்டார்கள், வைத்துவிட்டான்.

அண்ணாதுரை சொல்லாமலே நின்றுபோனான். வரங்களைச் சேர்ப்பதில்தான் அவனுக்கு ருசி இருந்திருக்க வேண்டும். அது போனபின் நாயை மட்டும் கூட்டிக்கொண்டு வர மனமில்லை. வழியில் பார்த்தால் வேனை நிறுத்தி நன்றாகத்தான் பேசினான். சந்திரலேகாவுக்கு வார விடுமுறையைப் புதன்கிழமைக்கு மாற்றினார்கள். "புதன்கிழமை டேபிள் போட முடியுமாண்ணே?" என்று கேட்டாள். யாரை வைத்துப் போடுவது? நவம்பரில் பாஸ்டர் வந்து, தையல் வகுப்புக்கு இடம் தேவைப்படுகிறது, மத்தியானம் அந்த அறையைக் கொடுத்துவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தயங்கவே வேண்டியதில்லை என்று வில்சன் பகடைகளை ஒரு பாலிதீன் பையில் அள்ளிக்கொண்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலையில் ஓவர்டைமுக்குப் பெயர் கொடுத்தான்.

அடுத்த சீசனுக்கான குழுக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. அவன் போகவில்லை; ஷிஃப்ட் என்று எழுதினான். உண்மைதான் அது.

டிசம்பர் பிறந்ததும் ஷாலின் வழக்கம்போல் கணக்குப் போட ஆரம்பித்தாள். "கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக முடியாத உங்க டேபிள் பசங்கள சாப்பிடக் கூப்பிடுவீங்களே. எத்தினி பேருன்னு சொன்னா அரிசி ஊறப்போட சௌகரியமா இருக்கும்."

வில்சன் வாசலில் உட்கார்ந்து ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நம்ம வரைக்கும் போடு" என்றான். பிறகு, அவள் உள்ளே போகாமல் நிற்பதைப் பார்த்து, "அப்பாவுக்கும் சேர்த்துப் போடு" என்றான்.