வெள்ளிக்கிழமை விபூதி

ஒயின் என்றால் ராஜலக்ஷ்மிக்கு முதலில் இருமல் மருந்துதான் நினைவுக்கு வந்தது. கோவையில் நர்சிங் படித்து, கல்யாணமாகி ஹூஸ்டனுக்கு வந்து, முதியோர் இல்லமொன்றில் பிறர் உடம்பைத் தூக்கியும் துடைத்தும் பழகியவள் அவள். கணவர் மயில்சாமி உடுமலைப்பேட்டைக்காரர், எண்ணெய்க் கம்பெனியில் பம்ப் இன்ஜினியர். ஊருக்கு வெளியே கேட்டி என்ற புறநகரில் வீடு. குழந்தை இல்லை. அதைப் பற்றிக் கேட்டவர்களெல்லாம் கேட்டு ஓய்ந்து போயிருந்தார்கள்.

தொண்ணூற்றிரண்டில் ஓர் ஆபீஸ் விருந்து முடிந்து வரும்போது மான்ட்ரோஸ் பக்கம் வழி தவறி, பாத்ரூம் தேடி நுழைந்த இடம்தான் லொரேனின் ஒயின் பார். பழைய மரவீடு, முன்னறையில் சில மேசைகள். டி.வி. கிடையாது. லொரேன் தானே பாட்டில்களைத் தேர்ந்து வாங்கி, தானே திறந்து, தானே ஊற்றுவாள். கேட்டியில் எந்த ரெஸ்டாரண்டுக்குப் போனாலும் ஒரே மெனு, ஒரே சிரிப்பு. இங்கே ஒரு ஒயின் பிடிக்கவில்லை என்றால் லொரேன் ஏன் என்று கேட்பாள். பதில் வரும்வரை நின்று கேட்கவும் செய்வாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே ராஜலக்ஷ்மி குடிக்கப் பழகினாள் என்று சொல்லலாம். ஆளுக்கு ஒரு கிளாஸ், அதற்கு மேல் இல்லை. திரும்பக் கார் ஓட்ட வேண்டும். பக்கத்து மேசைக்காரர்கள் செர்ரி என்றார்கள், ஓக் மரம் என்றார்கள். இவர்கள் தங்கள் மூக்குக்குத் தெரிந்த பெயர்களை வைத்தார்கள். ஒன்று கொட்டையோடு சப்பிய நாவல்பழம். ஒன்று பழம்புளிப் பானையைத் திறந்தது போல. ஒன்று காய்ச்சல்காரன் வாயிலிருந்து எடுத்த தெர்மாமீட்டர். அது ராஜலக்ஷ்மி சொன்னது. லொரேன் அந்த ஒயினை மறுபடி வாங்கவில்லை. பிறகு ஹைட்ஸ் பக்கம், ரைஸ் வில்லேஜ் பக்கம் என்று முதலாளியே ஊற்றித் தரும் வேறு சின்ன பார்களையும் தேடிப் போனார்கள். ஆனாலும் பாதி வெள்ளிக்கிழமைகள் லொரேனிடம்தான் கழிந்தன. மயில்சாமி வீட்டில் அதிகம் பேசாதவர். அங்கே பேசினார். இத்தனை வருடக் கல்யாணத்தில் ராஜலக்ஷ்மிக்குக் கிடைத்த பேச்சு பெரும்பாலும் அந்த மேசைகளில் கிடைத்ததுதான்.

கேட்டித் தமிழ்க் குடும்பங்களுக்குள் கண்மணி என்றொருத்தி இருந்தாள், காங்கேயத்துக்காரி. யார் வீட்டில் பிரசவம், யாருக்கு வேலை போயிற்று என்றாலும் முதலில் பாத்திரத்தோடு வாசலில் நிற்பவள். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் போனே எடுப்பதில்லையே, எங்கே போகிறீர்கள் என்று ஒருநாள் அவள் கேட்க, மயில்சாமி முந்திக்கொண்டு கோயிலுக்கு என்றார். பேர்லண்ட் கோயில் ஊரின் மறுகோடி. வெள்ளி மாலை டிராஃபிக்கில் கேட்டியிலிருந்து எவரும் அங்கே போகமாட்டார்கள், எல்லாரும் சனி ஞாயிறில்தான். மாட்டிக்கொள்ள வழியே இல்லை என்று கணவனும் மனைவியும் காரில் சிரித்துக்கொண்டு போனார்கள்.

கோயிலுக்குப் போகிறவர்களிடம் ஊரே அர்ச்சனையைக் கொடுத்துவிடும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. பெயரும் நட்சத்திரமும் வந்தன, தேங்காய் வந்தது. முதலில் சனிக்கிழமைகளில் போய் நேர்மையாக முடித்துவிட்டு வந்தார்கள். பிறகு அலுத்துப் போயிற்று. ராஜலக்ஷ்மி ஹில்கிராஃப்ட் தெரு இந்தியக் கடையில் விபூதிப் பாக்கெட் வாங்கி, சின்னச் சின்னப் பொட்டலமாக மடித்துப் பிரசாதம் என்று கொடுக்கத் தொடங்கினாள். கண்மணியின் கணவர் திருமூர்த்திக்கு பைபாஸ் நடந்தபோது கொடுத்ததும் அதுதான். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கண்மணி அதை அவர் நெற்றியில் பூசி அனுப்பினாள். மனிதர் பிழைத்து வந்தார். உங்கள் வெள்ளிக்கிழமைதான் காப்பாற்றியது என்று கண்மணி ராஜலக்ஷ்மியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ராஜலக்ஷ்மி கையை விடுவித்துக்கொண்டு காபி போட எழுந்து போனாள்.

தொண்ணூற்றொன்பது தீபாவளி முடிந்த வாரம் மயில்சாமிக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்தது. பேச்சு போய், ஒற்றை ஒற்றைச் சொல்லாகத் திரும்பியது. விழுங்குவதும் பழுதாகிவிட்டது. தண்ணீர் குடித்தால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். காபி, மோர் எதுவானாலும் ஒரு பொடியைக் கலந்து கூழ் பதத்துக்குக் கெட்டியாக்கி, மோவாயைத் தாழ்த்தச் சொல்லி, ஸ்பூனில் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் ராஜலக்ஷ்மி எத்தனையோ பேருக்குச் செய்தவள். அழுதுகொண்டிருக்க நேரமில்லை. அவருடைய வேலை போனதும் இருவருக்கும் அவளுடைய இன்ஷூரன்ஸ்தான் மிச்சம். அவள் வேலைக்குப் போயாக வேண்டும், அவள் இல்லாதபோது அவரோடு யாராவது உட்கார்ந்திருக்கவும் வேண்டும்.

அந்த யாராவதைக் கண்மணி ஏற்பாடு செய்தாள். முறை போட்டு ஆட்கள் வந்தார்கள், சாப்பாடு வந்தது. அண்ணன் கோயிலுக்குப் போக முடியாவிட்டால் என்ன, கோயில் இங்கே வரட்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் அந்த வீட்டு ஹாலிலேயே பஜனையும் வைத்தாள். ஆர்மோனியம் வந்தது, சுண்டல் வந்தது. மயில்சாமியை வீல்சேரில் நடுவே உட்காரவைத்து நெற்றி நிறைய விபூதி பூசினார்கள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வாயைத் திறக்க மறுத்தார். அண்ணன் விரதம் இருக்கிறார் என்று கண்மணி எல்லாரிடமும் சொல்லி நெகிழ்ந்தாள்.

மார்ச் மாதத்தில் ஒரு பஜனை முடிந்து எல்லாரும் போன பிறகு, ராஜலக்ஷ்மி அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"லொரேன்," என்றார் மயில்சாமி. சற்றுப் பொறுத்து, "போலாம்."

பக்கவாதத்துக்குப் பிறகு அவர் தானாக ஒன்று வேண்டுமென்று கேட்டது அதுதான் முதல் தடவை. இன்னொரு பொய் சொல்லலாமா என்று அவள் யோசித்தாள். வெள்ளிக்கிழமை தோறும் தெரபி என்றால், வேனை எடுத்துக்கொண்டு திருமூர்த்தி வந்து நிற்பார். உண்மையைச் சொன்னால் கண்மணி போய்விடுவாள், அவளோடு மற்றவர்களும். அடுத்த வியாழக்கிழமை கண்மணி ரசத்தோடு வந்தபோது, சமையலறையில் வைத்தே சொன்னாள்.

"நாளைக்கு பஜனை வேண்டாம் கண்மணி."

"ஏனுங்க்கா, டாக்டர் அப்பாயின்ட்மென்டா?"

"இல்ல. நாங்க வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனதே இல்ல. ஒயின் பாருக்குத்தான் போனோம். அவர் அங்க போகணும்கிறார்."

கண்மணி சிரித்தாள். ராஜலக்ஷ்மி சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள்.

"அப்ப அந்த விபூதி?"

"ஹில்கிராஃப்ட்ல வாங்கினது."

"எங்க ஊட்டுக்காரருக்குப் பூசுனதுமா?"

"அதுவும்தான்."

கண்மணி ரசப் பாத்திரத்தை அடுப்பருகே வைத்தாள். "குடிச்சத நான் பெருசா நினைக்கலீங்க்கா. இவரும் பியர் குடிக்கறவருதான். நான் தியேட்டர் வாசல்ல அதக் கையில வெச்சுட்டு நின்னேன் பாருங்க, அதத்தான் நினைச்சுப் பாக்கறேன்."

போன வாரத்துப் பாத்திரங்களையும் தேடி எடுத்துக்கொண்டாள். ரசத்தை மட்டும் ராஜலக்ஷ்மியின் பாத்திரத்தில் ஊற்றிவிட்டுப் போனாள்.

மறுநாள் லொரேனின் வாசலில் படிகள் இருந்தன. இத்தனை வருடங்களில் ராஜலக்ஷ்மி அவற்றைக் கவனித்ததே இல்லை. லொரேனும் குடிக்க வந்திருந்த ஒருவரும் வீல்சேரைப் பிடித்தார்கள். எங்கே பிடிக்க வேண்டும், எப்போது சாய்க்க வேண்டும் என்று ராஜலக்ஷ்மி பின்னாலிருந்து சொன்னாள். பழைய மேசை. லொரேன் நாவல்பழ ஒயினைக் கேட்காமலே கொண்டுவந்து வைத்தாள். மயில்சாமி இடது கையால் கிளாஸை மூக்கருகே கொண்டுபோய் வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு ராஜலக்ஷ்மி கைப்பையிலிருந்து பொடியை எடுத்து அவர் கிளாஸில் கலக்கினாள். ஒயின் கலங்கி, ஸ்பூனில் அசையாமல் நின்றது. மோவாயைத் தாழ்த்தச் சொல்லி ஒரு வாய் கொடுத்துவிட்டுத் தொண்டையையே பார்த்தாள். இறங்கியது.

"எப்படி இருக்கு?"

அவர் நேரம் எடுத்துக்கொண்டார். "கோந்து," என்றார். இடது கையால் கிளாஸைத் தள்ளினார். பிறகு அவளுடைய கிளாஸைக் காட்டி, "சொல்லு."

அவள் தன் கிளாஸிலிருந்து ஒரு வாய் குடித்துச் சொன்னாள். நாவல்பழம்தான், ஆனால் இந்த வருடம் கொட்டை கொஞ்சம் தூக்கல். அவர் தலையாட்டினார். கிளாஸ் முடியும்வரை அவள் குடிப்பதும் சொல்வதுமாக அந்த மாலை போயிற்று. பேசியது அவள் மட்டும்தான்.

அதன் பிறகு முறை போட்டு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் காரணம் சொல்லி நின்றார்கள். எவரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. அவள் பகல் வேலையை விட்டு, சனி ஞாயிறு ஷிஃப்டுக்கு மாறினாள். அந்த இரண்டு நாளும் கூலிக்கு ஒரு பெண் வந்தாள். உடம்பு ஒத்துழைத்த வெள்ளிக்கிழமைகளில் அவரை லொரேனிடம் கூட்டிப்போனாள். கோடைக்குப் பிறகு அவர் கிளாஸை மூக்கருகே தூக்குவதும் நின்றது. இரண்டாயிரத்தொன்று ஜனவரியில் நிமோனியா வந்தது, அதிலேயே போய்விட்டார். தன் எச்சிலே உள்ளே போயிருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். ராஜலக்ஷ்மி மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டாலும் பதில் கிடைக்காது என்று அவளுக்குத் தொழில்முறையில் தெரியும்.

சனிக்கிழமை ஃபியூனரல் ஹோமில் அவளே அவரைத் துடைத்து வேட்டி கட்டிவிட்டாள். பெட்டியில் வைத்த பிறகு கண்மணி வந்தாள். அழவில்லை, கையைப் பிடிக்கவும் இல்லை. கைப்பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

"இது கோயில்லயே வாங்கினதுங்க்கா. நேத்து சாயங்காலம், அந்த டிராஃபிக்ல நானே போய்ட்டு வந்தேன்."

ராஜலக்ஷ்மி பிரித்தாள். பழக்கம், விரலில் எடுத்ததை மூக்கருகே கொண்டுபோய்விட்டாள். ஹில்கிராஃப்ட் பாக்கெட்டின் வாசனைதான் அதிலும் இருந்தது. அவள் அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் பெட்டிக்குள் படுத்திருந்தார். அவர் நெற்றியில் மூன்று விரலால் இழுத்துவிட்டு, மிச்சத்தை மடித்துக் கண்மணியிடமே திருப்பிக் கொடுத்தாள்.