கூடிய நாலு கிலோ

பல் துலக்கும்போது ஈறில் வந்த ரத்தம் நிற்கவில்லை. அப்படித்தான் தொடங்கியது. மூன்றாம் நாள் டாக்டர் பெயரைச் சொன்னார்: அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா (வெள்ளணுக்கள் முதிராமலே பெருகும் ரத்தப் புற்று). இந்த வகையில் அந்த அணுக்களை முதிரவைப்பதே வைத்தியம், பெரும்பாலோர் குணமாகிறார்கள் என்றும் சொன்னார். அழுதுகொண்டே சிரித்தேன்.

மருந்து ஒத்துக்கொண்டது. இரண்டாம் வாரம் கழக்கூட்டத்து ஃப்ளாட்டுக்கு அனுப்பினார்கள். ஊசிக்குத் தினமும் போக வேண்டும். டாக்டரைத் திங்கட்கிழமை பார்க்கலாம். காலையில் எடை பார்க்கச் சொன்னார்கள். ஏன் என்று சொன்னதை நாங்கள் காதில் வாங்கவில்லை.

என் கணவர் செல்வம் நாகர்கோவில்காரர். உடம்பு தேறியதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே அத்தாட்சி சதை போடுவதுதான். மூன்று நாளில் நாலு கிலோ கூடியதும் ஆளைப் பிடிக்க முடியவில்லை. வளையல் இறுகியதில் எனக்கும் பெருமை. படியேறும்போது மூச்சு வாங்கியதைத் தின்ற கொழுப்பு என்று கேலி செய்தார்.

"ஏட்டி, டாக்டர்ட்ட நீ வாயத் தொறக்கப்படாது. நானே சொல்லுகேன்."

திங்கட்கிழமை, மகள் முதல் மார்க் வாங்கியதுபோல டாக்டரிடம் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. என் கணுக்காலை விரலால் அழுத்தினார். விழுந்த குழி அப்படியே நின்றது.

"இது தடியல்ல, நீராணு," என்றார் மலையாளத்தில். சதை இல்லையாம், நீர். முதிரத் தொடங்கும் புற்றணுக்கள் சைட்டோகைன்களை (அணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் புரதங்கள்) அளவுமீறிச் சுரக்கும். ரத்தக்குழாய்கள் கசிந்து நுரையீரலில் நீர் கோக்கும். மருந்து வேலை செய்வதால் வருவதுதான், ஆனால் கவனிக்காவிட்டால் உயிரை எடுத்துவிடும்.

அன்றே ஆக்சிஜனும் ஸ்டீராய்டு ஊசியும். செல்வம் கட்டிலருகே முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"நாந்தான் ஒன்னக் கொல்லப் பாத்தேன்."

முகமூடிக்குள்ளிருந்து பேச வரவில்லை. அவர் காதைப் பிடித்துத் திருகினேன். அவர் சிரித்துவிட்டார்.

ஐந்தே நாளில் நாலு கிலோவும் இறங்கியது. ஒவ்வொரு கிலோவுக்கும் நர்ஸ்கள் கைதட்டினார்கள். அடுத்த மாத மஜ்ஜைப் பரிசோதனையில் புற்றணு இல்லை.

இதே மருந்து எடுப்பவர்களே, எடை கூடினால் திங்கட்கிழமைக்குக் காத்திருக்காதீர்கள்.

நான் மெலிந்துவிட்டதாக யாராவது சொன்னால் செல்வத்துக்கு இப்போது வாயெல்லாம் பல். முன்பு எதற்கெடுத்தாலும் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்பேன். இன்று காலை பால்கனியில் நின்று மூச்சை முழுசாக இழுத்தேன். அடிவரை போனது. எனக்கு அப்போது வேறெந்த நாளும் வேண்டியிருக்கவில்லை.