தேய்க்க மறுத்த கை

செய்தி வந்தபோது வீட்டில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம்: நான், என் கணவர், அவருடைய தங்கை சரசு, பால் ஊற்ற வந்த மாரியம்மா. "ஆமத்தூர் செல்லையா அண்ணாச்சி காலையில தவறிட்டாக" என்று மாரியம்மாதான் சொன்னாள். என் கணவர் காபியைக் கீழே வைத்துவிட்டு வலது தொடையைத் தடவிக்கொண்டார்.

அண்ணாச்சியிடம் சுளுக்கு எடுக்கப் போகாதவர்கள் இங்கே கூடியிருக்கும் உங்களில் குறைவு. பட்டாசுக் கம்பெனியில் நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு வேலை பார்க்கிற நமக்குத் தொடை வலித்தால் அது சுளுக்குத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன வருடம் என் கணவருக்கு ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த நேரம். தொடை வலிக்கிறது என்றார். மேலே வீக்கமில்லை, சிவப்பில்லை. லேசான காய்ச்சல் மட்டும். நேரம் குறித்து நோட்டில் எழுதிவைத்தேன். அம்மனுக்கு விளக்கேற்றிவிட்டு அண்ணாச்சிக்குச் சொல்லியனுப்பினேன்.

"என்ன மாப்ளே, வீட்டுக்காரி மிதிச்சுட்டாளா?" என்று சிரித்துக்கொண்டே தொடையில் கை வைத்தவர், உடனே எடுத்துவிட்டார். "சுளுக்குன்னா விரலுக்கு அடியில நரம்பு ஓடும். இது உள்ளுக்குள்ள கட்டையா கெடக்கு தாயி. நான் தேய்க்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

எனக்குக் கோபம். "ஊருக்கெல்லாம் தேய்ப்பீக, எங்களுக்குன்னா கை வலிக்குதாக்கும்?"

"திட்டு தாயி. ஆட்டோவுல ஏறிக்கிட்டே திட்டு."

ஸ்கேனில் தசையின் ஆழத்தில் சீழ் தெரிந்தது. வெள்ளை அணுக்கள் குறைந்த உடம்பில் கிருமி தசைக்குள் இறங்கினாலும் வெளியே வீக்கம் காட்டாமல் போகலாம் என்றார் மருத்துவர். ஊசி வழியே சீழை எடுத்தார்கள். மூன்று வாரம் படுக்கை. அழுத்தித் தேய்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. மருத்துவர் முகத்திலேயே தெரிந்தது.

அதன் பிறகு யார் வந்தாலும் அண்ணாச்சி முதலில் கேட்டது, "ரத்தத்துக்கு மருந்து ஏத்துறீகளா?" என்பதைத்தான். என்னிடம், "காய்ச்சல மட்டும் எழுதுனா பத்தாது தாயி, எங்கன வலிக்குன்னும் எழுது" என்றார். இன்றும் எழுதுகிறேன். அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தப் பழக்கம்.

இறப்பதற்கு முந்தின நாள் போனில் பேசினார். "தாயில்பட்டியில இருந்து ஒரு பொம்பள வந்தா, நாப்பது வயசு இருக்கும். அவளுக்கும் அதே சீக்கு, தொடையும் அதே மாதிரி கட்டையா இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன், கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. பேரக் கேக்காம விட்டுட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனாளோ, தேய்க்க வேற ஆளத் தேடிப் போனாளோ. விசாரிச்சுச் சொல்லு தாயி."

அவர் போய் இன்று மூன்றாம் நாள். அவருக்குச் சொல்ல இனி வழியில்லை. அந்தப் பெண்ணுக்கு இன்னும் நேரம் இருக்கலாம். அவளைத் தெரிந்தவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாளா என்று இன்றைக்கே எனக்குச் சொல்லுங்கள்.