அட்சதை மட்டும் தெளிவாக விழுந்த படம்

படாளம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் படமெடுக்கப் போயிருந்தேன். தாலி கட்டியதும் அட்சதை பறந்தது. நானும் எடுத்துத் தள்ளினேன். பிறகு பார்த்தால், கேமரா பறந்த அரிசியைத்தான் பிடித்திருந்தது. இரண்டு முகமும் மங்கல். ஃபோகஸை முகத்தில் நிறுத்தாமல் படம் முழுக்க அலையவிட்டது என் தப்பு. மணப்பெண்ணிடமோ, "லென்ஸ் ரிப்பேரும்மா" என்று சொல்லிவிட்டேன்.

"வுடுண்ணா, அதுக்கு நீ இன்னா பண்ணுவ?" என்று அவளே எனக்குத் தேறுதல் சொன்னாள். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போதெல்லாம் கெட்டிமேளத்துக்கு முன்பே ஃபோகஸ் கட்டத்தைச் சின்னதாக்கி முகத்தில் வைத்துவிடுகிறேன்.

போன வாரம் அவளே போன் செய்தாள். "தங்கச்சிக்குக் கல்யாணம்ணா. இந்தத் தபா நல்ல லென்ஸா எடுத்துகினு வா."

அதே லென்ஸைத்தான் கொண்டுபோகிறேன். உண்மையைச் சொன்ன பிறகுதான் பையைத் திறப்பேன்.