சவுக்குத் தோப்புக் காரின் விசிறி

பேய், பிசாசு, காத்து, கருப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. நான் டாக்டர். படிக்கிற காலத்தில் காலையில் பிணத்தை அறுத்துவிட்டு மத்தியானம் நிம்மதியாகத் தயிர் சாதம் சாப்பிட்டவள். அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருந்தேன். வாரத்தில் ஒருநாள் மகாபலிபுரம் பக்கத்துக் கடலோரக் குப்பங்களுக்குப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்ப்பேன். அதற்காகவே, ஊரைவிட்டுப் போகும் ஒரு வெள்ளைக்காரரிடம் பழைய ஜெர்மன் கார் ஒன்றை வாங்கினேன். ஆமை முதுகு, பின்பக்கம் இன்ஜின், ரேடியேட்டரே கிடையாது. காற்றிலேயே குளிர்கிற இன்ஜின். ஒரு விசிறி காற்றை உள்ளே தள்ளும், சுற்றியிருக்கும் தகடுகள் அதைச் சிதறவிடாமல் சிலிண்டர்மேல் செலுத்தும், அவ்வளவுதான். பெட்ரோல் பங்கில் எல்லாரும் தண்ணீர் ஊற்றும் மூடியைத் தேடிக் களைத்துப் போவார்கள்.

என் டிரைவர் தாசு அம்பாசிடரிலேயே ஊறியவன். மெக்கானிக் வேலையும் தெரியும், தெரியாததும் தெரியும் என்று நினைப்பு. காற்றால் குளிர்கிற இன்ஜினை எதற்குத் தகடு போட்டு மூடியிருக்கிறார்கள், புழுங்காதா என்று யோசித்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அத்தனை தகடுகளையும் கழற்றிக் காயலான் கடையில் போட்டுவிட்டான். அந்தக் கோடையிலேயே பலன் தெரிந்தது. சதுரங்கப்பட்டினம் பக்கம் ஒரு பிரசவத்துக்குப் போகும்போது வண்டி சூடேறி நின்றுவிட்டது, விசிறியின் இறக்கைகளும் உடைந்துபோயின. மாட்டு வண்டி பிடித்து நான் போய்ச் சேர்வதற்குள் குழந்தை இறந்துவிட்டது. தாசு அன்றைக்கு உட்கார்ந்து அழுதான். எனக்கும் திட்ட வாய் வரவில்லை.

அதன்பிறகு நல்ல விசிறிக்கும் தகட்டுக்கும் அலையாய் அலைந்தோம். மெட்ராஸ் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினோம். கிடைத்த ஒரு விசிறி விரிசல் விட்டிருந்தது, ஆனாலும் வேறு வழியில்லாமல் அதை மாட்டினோம். தகரக் கடையில் அடித்து வாங்கிய தகடுகளோ, நான்கு மேடுபள்ளம் ஏறி இறங்கியதும் கழன்று விழுந்தன.

எனக்கு அவசரம். குப்பத்தில் செல்வி என்று ஒரு பெண், இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். மூன்றாவது பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்தது. ஆபரேஷன் செய்துதான் எடுக்கவேண்டும், முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் வந்து படு என்றால், மீன் விற்கப் போகாவிட்டால் அடுப்பெரியாது என்றாள். வலி எடுத்ததும் நானே காரில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். இந்தக் காரை நம்பி.

செல்வியின் புருஷன் ஏழுமலைதான் அதைச் சொன்னான்.

"இதே மாதிரி வண்டி ஒண்ணு சவுக்குத் தோப்பாண்ட கீது டாக்டரம்மா. ஆனா அத்த யாரும் தொட மாட்டோம்."

ஏன் என்று கேட்டேன். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு வெளிநாட்டுக்காரன் அங்கே காரை நிறுத்திவிட்டுக் கடலில் குளிக்க இறங்கினானாம், திரும்பவில்லை. கடல் எடுத்த ஆளை எப்படியும் கரையில் கொண்டுவந்து போட்டுவிடும், அவனை மட்டும் போடவில்லை என்றான் ஏழுமலை. அப்புறம் கொஞ்சம் தயங்கி, மணல் கொதிக்கிற உச்சி வெயிலில்கூட ஒரு நாய் அந்த வண்டி நிழலில் படுக்காது என்றும் சொன்னான். நாய்க்கு இருக்கிற புத்தி நமக்கு வேண்டாமா என்கிற மாதிரி என்னைப் பார்த்தான். நான் காதில் வாங்கவில்லை.

தோப்புக்கு வெளியே வெட்டவெளி மணலில் பாதி புதைந்து கிடந்தது கார். டயர் இல்லை, கதவைத் தொட்டால் உதிர்ந்து கையோடு வந்தது. அந்தக் கடற்கரையில் ஒரு ஆணியை வெளியே வைத்தால் சீக்கிரமே துருப்பிடித்துவிடும். தாசு பின்மூடியைத் திறந்தான். உள்ளே விசிறி, அதன் கூடு, தகடுகள் எல்லாம் அப்படியே பளபளவென்று இருந்தன. ஒரு பொட்டுத் துரு இல்லை. நம்பினால் நம்புங்கள், நான் விரலால் தடவிப் பார்த்தேன். விசிறியைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் மட்டும் மக்கிப் போயிருந்தது.

தாசு ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றான்.

"வேணாம்மா. இது ரொம்ப நல்லா கீது."

நல்லதைத்தானே தேடி அலைந்தோம், கழற்று என்றேன்.

விசிறி, கூடு, தகடுகள் எல்லாவற்றையும் எங்கள் வண்டியில் மாட்டினோம். பெல்ட் மட்டும் எங்களுடையது. அதன்பிறகு வண்டி ஓடியதைச் சொல்லவேண்டுமே, கத்திரி வெயிலில் எவ்வளவு தூரம் போய்வந்தாலும் பின்மூடி வெதுவெதுப்பாகக்கூட இல்லை. நான் ஜெர்மன்காரன் மூளையைப் புகழ்ந்தேன். தாசு டாஷ்போர்டில் எலுமிச்சம்பழம் வைக்க ஆரம்பித்தான்.

அந்த நாளும் வந்தது. நான் குப்பத்தில் இருக்கும்போதே செல்விக்கு வலி எடுத்துவிட்டது. மத்தியான வெயில். ஏழுமலை கடலில் இருந்தான். அவளைப் பின்சீட்டில் சாய்த்து உட்காரவைத்து, நான் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன். திருக்கழுக்குன்றம் மலை கண்ணில் பட்டபோது பனிக்குடம் உடைந்து, குழந்தையின் கை வெளியே வந்துவிட்டது. அந்த நிலைமையில் ஒவ்வொரு நிமிஷமும் உயிர். அன்றைக்கு மாட்டு வண்டியில் போனதுதான் கண்முன்னால் வந்தது.

மலையைத் தாண்டியதும் பின்னால் சடார் என்று ஒரு சத்தம், தாசுவின் முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. பெல்ட் அறுந்தால்தான் அது எரியும். பெல்ட் இல்லாவிட்டால் விசிறி சுற்றாது, விசிறி சுற்றாவிட்டால் கொஞ்ச தூரத்திலேயே இன்ஜின் இறுகிவிடும். தாசு வண்டியை ஓரம் கட்டினான்.

"பெல்ட் பூட்ச்சும்மா. ஓட்னா இன்ஜின் காலி."

"நிறுத்தினா இவ காலி. ஓட்டு."

ஓட்டினான். எப்போது நிற்குமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிற்கவில்லை. வேகம் குறையவில்லை. எங்கள் முதுகுக்குப் பின்னால் விசிறியின் ஓசை ஒரே சீராகக் கேட்டுக்கொண்டே இருந்தது. கடலை விட்டு அவ்வளவு தூரம் வந்த பிறகும் வண்டிக்குள் கடல் வாடை அடித்தது.

"அம்மா, பின்னால யாரோ குந்திகினு கீறாங்க. முதுவு ஜில்லுனு கீது" என்றாள் செல்வி.

பின்சீட்டுக்குப் பின்னால் இன்ஜின்தான் இருக்கிறது. அவள் முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவில் கையை விட்டேன். புடவை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வியர்வை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் வலியை மறந்தவள்போல முனக ஆரம்பித்தாள். "இன்னா வோணும்னாலும் எட்த்துக்கோ. எம்புள்ளய மட்டும் உசுரோட குடுத்துடு." சாமியைக் கும்பிடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சாமியைக் கும்பிடுகிறவள் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துப் பேசமாட்டாள்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குள் வண்டி நுழைந்து நின்றது. ஆபரேஷன் நடந்தது. ஆண் குழந்தை, நீலம் பாரித்துக் கிடந்து, எல்லாரும் கைவிட்ட நேரத்தில் அழுதது. நானும் அழுதேன், ஒத்துக்கொள்கிறேன்.

சந்தோஷத்தோடு தாசுவிடம் சொல்ல வெளியே வந்தேன். அவன் பின்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு தூரத்தில் நின்றிருந்தான். இன்ஜினை எப்போதோ அணைத்துவிட்டானாம். பெல்ட் கிழிந்து அடியில் கிடந்தது. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டுபேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாகி, நின்றது. தாசு தடுத்தும் கேட்காமல் நான் இன்ஜின்மேல் கையை வைத்தேன். அவ்வளவு தூரம் ஓடிய சூட்டுக்குத் தோல் உரிந்துபோயிருக்கவேண்டும். எத்தனையோ செத்த உடம்புகளைத் தொட்டவள் நான். அதே குளிர்.

மறுநாளே தாசு எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொண்டுபோய், அந்தக் காரிலேயே திரும்ப வைத்துவிட்டு வந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"அந்த வண்டி நெயல்ல ஒரு நாய் பட்த்து தூங்கிகினு கீதும்மா" என்றான்.

நல்லதுதானே, விட்டது சனியன் என்றேன்.  அந்த மாதத்தோடு தாசு வேலையை விட்டுவிட்டான்.

செல்வியின் பையன் நன்றாக வளர்ந்தான். நோய்நொடி கிடையாது, இப்போது சொந்தப் படகு வைத்திருக்கிறான். வருஷம் தவறாமல் என்னைப் பார்க்க வருவான், காலைத் தொட்டுக் கும்பிடுவான். அவன் கை ஜில்லென்று இருக்கும். தெர்மாமீட்டர் வைத்தால் எல்லாருக்கும் காட்டுகிற சூட்டைத்தான் காட்டும். பாசமாகப் பிடிப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பேன், அதுவும் சரியாகத்தான் துடிக்கும். செல்வியிடம் இதை நான் கேட்டதே இல்லை. அவளும் சொன்னதில்லை.

போன சித்திரையில் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தான். நல்ல உச்சி வெயில். வீட்டு வாசலில் போர்ட்டிகோ நிழலில் என் கிழட்டு நாய் படுத்திருந்தது, வருகிறவர் போகிறவர் எல்லாரையும் நக்கிக் கொஞ்சும் நாய். அவன் அதன் பக்கத்தில் வந்து நின்றான். நாய் குரைக்கவில்லை. மெல்ல எழுந்து நடந்துபோய், நட்ட நடு வெயிலில் படுத்துக்கொண்டது.